ஆயத்த பேக்கேஜ்களும் கம்பைல் பிழைகளும்: கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் நடைபெறும் மாதங்களில் கணினி ஆய்வகங்களில் பெருமளவு உழைப்பு வீணாகிறது. அதை அருகிலிருந்து பார்க்கும் ஆய்வகப் பயிற்றுநர் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். மாணவர் எழுதிய நிரல் சரியாகவே இருக்கும். ஆனால், கம்பைல் செய்தவுடன், அதாவது அதை இயந்திர மொழிக்கு மாற்ற முயன்றவுடன், திரை முழுவதும் பிழைச் செய்திகள் வந்து நிறையும். அவற்றில் அவர் எழுதாத பெயர்களும், அவர் திறந்தே பார்த்திராத கோப்புகளும், வாய்விட்டுப் படிக்க முடியாத நீண்ட குறியீடுகளும் இருக்கும். தம் நிரலை வரிவரியாகத் திருத்திப் பார்த்து, சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டு, 'நமக்கு நிரல் எழுத வராது' என்ற முடிவுக்கு வந்துவிடும் மாணவர்கள் பலர். அவர்களில் சிலர், பணம் பெற்றுக்கொண்டு முடித்த புராஜெக்டைக் கையில் கொடுக்கும் நிலையங்களை நாடிச் செல்கிறார்கள். கற்கும் ஆர்வத்தோடு தொடங்கிய ஒருவர் அந்த வாசலுக்குப் போய் நிற்பதைக் காணும்போது எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது. ஏனெனில், அந்தப் பிழைகளில் கணிசமானவற்றுக்கும் மாணவரின் நிரலுக்கும் தொடர்பே கிடையாது. வேறொருவர், வேறொரு கணினியில், வேறொரு கம்பைலரைக் கொண்டு முன்கூட்டியே தயாரித்து வைத்த மென்பொருள் தொகுப்பு (பேக்கேஜ்), மாணவரின் கணினியில் இருப்பவற்றோடு பொருந்தவில்லை என்பதே உண்மையான காரணம்.

ஆயத்த பேக்கேஜ்களே வேண்டாம் என்பது என் கருத்தன்று. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி, இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச் போன்ற லைப்ரரிகளின், அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளின், மூல நிரல் பல லட்சம் வரிகள் கொண்டது. 4 ஜிபி நினைவகம் உள்ள ஆய்வகக் கணினியில் அவற்றை முதலிலிருந்து கம்பைல் செய்ய முயன்றால் நாள் முழுவதும் ஓடி, நினைவகம் போதாமல் நடுவழியில் நின்றுவிடவும் கூடும். எனவே பிறர் கம்பைல் செய்து வைத்ததைப் பயன்படுத்துவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. ஆனால், மூல நிரல் இயந்திர மொழியாக மாறும் அந்தத் தருணத்தில் பல முடிவுகள் நிரந்தரமாக உறைந்துவிடுகின்றன. எந்தச் செயலிக்கு, எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பால், எந்த இயங்குதள லைப்ரரியை நம்பி அது உருவானது, ஒரு தரவு வகை நினைவகத்தில் எத்தனை பைட் இடம் கொள்ளும், ஒரு செயற்கூறின் (ஃபங்ஷன்) பெயர் எந்த வடிவத்தில் பதியப்படும் ஆகியவையெல்லாம் அந்தக் கோப்புக்குள் அடங்கிவிட்டன. ஏபிஐ (அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ்) என்று மென்பொருள் துறையினர் குறிப்பிடுவது இந்த உறைந்த ஒப்பந்தங்களைத்தான். பார்வைக்கு ஒரே அளவில் இருக்கும் போல்ட்டும் நட்டும் மரை மாறியிருந்தால் சேர மாட்டா. எவ்வளவு முறுக்கினாலும் மரைதான் தேயும். இரு தரப்பின் மூல நிரலும் பிழையற்றதாக இருந்து, கம்பைல் ஆன வடிவங்கள் மட்டும் பொருந்தாமல் போவதும் அத்தகையதே.

எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி காணும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். முகத்தைக் கண்டு வருகைப்பதிவு செய்யும் மென்பொருள், மாணவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் புராஜெக்டுகளில் ஒன்று. அதற்குப் பைத்தானில் பலரும் பயன்படுத்தும் லைப்ரரி, உள்ளே டி-லிப் என்னும் சி++ லைப்ரரியை நம்பியிருக்கிறது. விண்டோஸ் கணினியில் அதை நிறுவ முயன்றால், அந்தப் பைத்தான் பதிப்புக்குரிய ஆயத்தக் கோப்பு கிடைக்காதபோது, பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப், மூல நிரலை இறக்கி அங்கேயே கம்பைல் செய்யத் தொடங்கும். கம்பைல் பணியை அமைத்துத் தரும் சிமேக் இல்லை, மைக்ரோசாஃப்டின் கம்பைலரான விஷுவல் சி++ இல்லை என்று பிழைகள் வரிசையாக வரும். மாணவர் பல ஜிபி அளவுள்ள விஷுவல் ஸ்டுடியோவை விடுதியின் இணைய இணைப்பில் இறக்க ஆரம்பிப்பார். நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் 'வீல்' என்னும் ஆயத்தக் கோப்பு ஒன்றை அனுப்புவார். 'இந்தத் தளத்துக்கு ஏற்ற வீல் அன்று' என்று பிப் அதை மறுத்துவிடும். அந்த மறுப்புக்கான விளக்கம் கோப்பின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பெயரில் 'சிபி311' என்று இருந்தால் அது பைத்தான் 3.11-க்காகக் கம்பைல் செய்யப்பட்டது; 'வின்_ஏஎம்டி64' என்று இருந்தால் 64 பிட் விண்டோஸுக்கானது. மாணவரின் கணினியில் இருப்பதோ 3.13.

இதைவிட வருத்தம் தருவது, அடுத்து நடப்பது. கோப்பின் பெயரில் 311 என்பதை 313 என்று மாற்றினால் பிப் ஏற்றுக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, அவர் அப்படியே செய்கிறார். பிப்பும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால், வீலுக்குள் இருக்கும் கம்பைல் ஆன கோப்பின் பெயரிலும் 'சிபி311' என்றே இருப்பதால் பைத்தான் 3.13 அதைக் கண்டுகொள்ளாமல், அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று சொல்லும். அந்தப் பெயரையும் மாற்றினால், அது பைத்தான் 3.11-இன் டிஎல்எல் கோப்பை, அதாவது நிரல் இயங்கும்போது இணையும் லைப்ரரியைத் தேடி, கிடைக்காமல் 'டிஎல்எல் லோடு ஃபெயில்ட்' என்று நின்றுவிடும். தெளிவாக இருந்த ஒரு மறுப்பு, பெயர் மாற்றத்தால் குழப்பமான ஒரு முறிவாகிவிட்டது. பைத்தான் 3.11-ஐத் தனியாக நிறுவி, அதற்கென ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்டை (புராஜெக்டுக்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழலை) உருவாக்கிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்திருக்கும். புதிய பைத்தான் பதிப்பு வந்தவுடன் எல்லா பேக்கேஜ்களுக்கும் அதற்கான ஆயத்தக் கோப்புகள் வந்துவிடுவதில்லை என்பதையும், புராஜெக்டுக்கு மிகப் புதிய பைத்தானைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தொல்லையையே தரும் என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம்.

சி++ மாணவர்களின் நிலை இன்னும் கடினம். ஓப்பன்சிவியின் விண்டோஸ் பேக்கேஜை விரித்துப் பார்த்தால் விசி15, விசி16 என்பன போன்ற கோப்புறைகள் இருக்கும். இவை முறையே விஷுவல் ஸ்டுடியோ 2017, 2019 ஆகியவற்றின் கம்பைலரைக் குறிக்கின்றன. ஆனால் நம் மாணவர்களில் பலர் பயன்படுத்துவது கோட்-பிளாக்ஸ் அல்லது டெவ்-சி++. அவற்றின் உள்ளே இருப்பது மின்ஜிடபிள்யூ, அதாவது ஜிசிசி என்னும் கம்பைலரின் விண்டோஸ் வடிவம். ஒரே சி++ செயற்கூறின் பெயரை ஜிசிசி ஒரு விதமாகவும் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் வேறு விதமாகவும் உருமாற்றிப் பதிகின்றன. ஜிசிசி பதியும் பெயர் அண்டர்ஸ்கோரிலும் இசட் எழுத்திலும் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் பதியும் பெயரோ கேள்விக்குறியில் தொடங்கும். கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்க்கர் ஒரு பெயரைத் தேட, லைப்ரரியில் இருப்பது இன்னொரு பெயர். 'அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்' என்று நூறு வரிகள் வருவதற்கு இது போதும். லைப்ரரி இருக்கும் பாதையை எத்தனை முறை திருத்தினாலும் இது தீராது. ஒன்று, விஷுவல் ஸ்டுடியோவுக்கு மாற வேண்டும். அல்லது மின்ஜிடபிள்யூவால் கம்பைல் செய்யப்பட்ட ஓப்பன்சிவியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

விஷுவல் ஸ்டுடியோவுக்கு மாறியவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு. பிழை தேடுவதற்கான டீபக் முறையில் கம்பைல் செய்யும் நிரலும் வெளியீட்டுக்கான ரிலீஸ் முறையில் கம்பைல் செய்யப்பட்ட லைப்ரரியும் ஒன்றுசேரக் கூடாது. வெக்டர் (வரிசைப் பட்டியல்), ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்) போன்ற தரவு வகைகளின் உள்ளமைப்பு அவ்விரு முறைகளிலும் வேறுபடுகிறது. நிரலுக்குள்ளேயே சேர்க்கப்படும் ஸ்டாட்டிக் லைப்ரரியாக இருந்தால் எல்என்கே2038 என்ற எண்ணோடு, 'இட்டரேட்டர் டீபக் லெவல்' ஒரு பக்கம் 0, மறுபக்கம் 2 என்று லிங்க்கர் நேரடியாகவே காரணத்தைச் சொல்லிவிடும். டிஎல்எல் வடிவில் இருந்தால் இந்தச் சோதனை நிகழ்வதில்லை. நிரல் பிழையின்றி இணைந்துவிடும். பிறகு படக் கோப்பைத் திறக்கும் இடத்தில் கோப்பின் பெயர் குப்பையாகத் தெரியும், அல்லது நிரல் அங்கேயே முறிந்துவிடும். ஓப்பன்சிவி வழங்கும் லைப்ரரிகளில் பெயரின் இறுதியில் 'டி' எழுத்து உள்ளது டீபக் முறைக்கும், அவ்வெழுத்து இல்லாதது ரிலீஸ் முறைக்கும் உரியது. இந்த ஒரு தகவலைத் தெரிந்துகொள்ளாமலேயே செமஸ்டரைக் கடத்துபவர்களைக் கண்டிருக்கிறேன்.

லினக்ஸ் பக்கம் வந்தால், என்னைப் பொறுத்தவரை விரிவாகச் சொல்ல வேண்டியது ஜிசிசி 5 கொண்டுவந்த மாற்றம். 2011-இல் வெளியான சி++ தரநிலை, ஸ்ட்ரிங் வகைக்கும் லிஸ்ட் வகைக்கும் புதிய விதிகளை வகுத்தது. அதுவரை ஜிசிசியில், ஒரே எழுத்துச்சரத்தைப் பல மாறிகள் பகிர்ந்துகொண்டு, மாற்றம் செய்யும் நேரத்தில் மட்டும் நகலெடுக்கும் முறையில் ஸ்ட்ரிங் அமைந்திருந்தது. புதிய தரநிலை அதற்கு இடம் தரவில்லை. ஒரு லிஸ்டில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பாராமல் உடனே சொல்ல வேண்டும் என்றும் அது விதித்தது. 2015 ஏப்ரலில் வெளியான ஜிசிசி 5, இவ்விதிகளுக்கு ஏற்ப அவ்விரு வகைகளையும் புதிதாக அமைத்தது. 64 பிட் கணினியில் பழைய ஸ்ட்ரிங் 8 பைட் இடம் கொண்டது, அதாவது ஒரே ஒரு முகவரி. புதிய ஸ்ட்ரிங் 32 பைட் இடம் கொண்டது. 15 பைட் வரையிலான சிறு சரங்களைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒரு வடிவத்தை எதிர்பார்த்துக் கம்பைல் ஆன லைப்ரரியிடம் மற்ற வடிவத்தைக் கொடுத்தால் நினைவகம் சிதைந்துபோகும்.

அந்த ஆபத்தைத் தவிர்க்க ஜிசிசி உருவாக்குநர்கள் எடுத்த முடிவு போற்றத்தக்கது. பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் ஒரே லைப்ரரிக்குள் வைத்தார்கள். புதிய வடிவத்தின் உட்பெயரில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்ற அடையாளத்தைச் சேர்த்தார்கள். எந்த வடிவம் வேண்டும் என்பதைக் கம்பைல் செய்யும்போது 0 அல்லது 1 என்று ஒரு மேக்ரோவின் (கம்பைலருக்குத் தரும் குறிப்பின்) மூலம் தேர்ந்தெடுக்கலாம். இதனால் பொருந்தாத இரண்டு சேரும்போது, நிரல் இயங்கி நடுவில் சிதைவதற்குப் பதிலாக, லிங்க்கரிலேயே பெயர் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. மாணவர்கள் வெறுக்கும் அந்தப் பிழைச் செய்தி உண்மையில் அவர்களுக்கான பாதுகாப்பு. எனினும் அது முழுமையான பாதுகாப்பு அன்று. ஸ்ட்ரிங்கைத் தன்னுள் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டை முகவரி மூலம் வாங்கிக்கொள்ளும் செயற்கூறின் பெயரில் அந்த அடையாளம் இடம்பெறாது. அங்கே லிங்க்கர் எதிர்ப்புத் தெரிவிக்காமல் இணைத்துவிடும். முறிவு பிறகு வரும். பிழைச் செய்தியை எப்படியாவது மறையச் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஜிசிசி 5 வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் இந்தச் சிக்கல் ஏன் நீடித்தது என்று கேட்கலாம். பைத்தான் உலகில், பல லினக்ஸ் வகைகளிலும் இயங்க வேண்டிய ஆயத்த பேக்கேஜ்களைப் பழைய இயங்குதளம் ஒன்றில் கம்பைல் செய்வது வழக்கம். மெனிலினக்ஸ்2014 என்ற தரம் சென்ட்ஓஎஸ் 7 என்னும் பழைய லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. சென்ட்ஓஎஸ் 7-இன் கம்பைலர் ஜிசிசி 4.8, அதன் மேல் நிறுவக்கூடிய புதிய கம்பைலர்களும் அந்தத் தளத்தில் பழைய ஸ்ட்ரிங் வடிவத்தையே பயன்படுத்தின. மறுபுறம், உபுண்டு என்னும் லினக்ஸ் வகையின் 16.04 முதலான பதிப்புகளில் உள்ள லைப்ரரிகள் புதிய வடிவத்துக்கு வந்துவிட்டிருந்தன. பைடார்ச்சின் சி++ பேக்கேஜான லிப்டார்ச், பல ஆண்டுகளாக இரண்டு தனித்தனிப் பதிவிறக்கங்களாகவே வழங்கப்பட்டது: ஒன்று பழைய வடிவத்துக்கு, மற்றொன்று புதிய வடிவத்துக்கு. 2025-இல்தான் பைடார்ச் திட்டம் புதிய வடிவத்துக்கு மாறத் தொடங்கியது. ஆனால் ஆய்வகங்களில் பென்டிரைவ் வழியாகக் கைமாறிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தைய கோப்புகளே.

இப்போது உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து நிறுவிய ஓப்பன்சிவி 4-ஐயும், பழைய வடிவத்து லிப்டார்ச்சையும் ஒரு மாணவர் ஒரே நிரலில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லிப்டார்ச்சோடு வரும் சிமேக் அமைப்பு, அந்த மேக்ரோவை மாணவருக்குத் தெரியாமலேயே 0 என்று வைத்துவிடும். அவருடைய நிரல் பழைய வடிவத்தில் கம்பைல் ஆகும். லிப்டார்ச்சும் பழைய வடிவம் என்பதால் அந்தப் பக்கம் எந்தப் பிழையும் வராது. ஓப்பன்சிவியில் படத்தைத் திறக்கும் இம்ரீட் செயற்கூறு ஸ்ட்ரிங்கை வாங்குவது. அது புதிய வடிவத்தில் இருப்பதால் 'அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்' அங்கே வரும். பிழைச் செய்தி ஓப்பன்சிவியைச் சுட்டிக்காட்ட, மாணவர் ஓப்பன்சிவியை நீக்கி நிறுவி, நீக்கி நிறுவி ஓய்ந்துபோவார். மாற்றப்பட வேண்டியதோ லிப்டார்ச்! பிழை தெரியும் இடமும் பிழை பிறந்த இடமும் வேறு என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். லிங்க்கர் தேடிக் கிடைக்காத பெயரில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' இருந்தால், நம் நிரல் புதிய வடிவம், லைப்ரரி பழையது. லைப்ரரிக்குள் அந்த அடையாளத்தோடு கூடிய பெயர் இருந்து, நாம் கேட்கும் பெயரில் அது இல்லாவிட்டால் நிலைமை நேர்மாறானது. என்எம் என்ற சிறு கருவியைக் கொண்டு லைப்ரரியில் உள்ள பெயர்களைப் பட்டியலிட்டால் சில நொடிகளில் விடை கிடைத்துவிடும்.

லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உபுண்டு 22.04-இல் கம்பைல் செய்ததை, 20.04 நிறுவப்பட்ட ஆய்வகக் கணினிக்குக் கொண்டுவந்தால், 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று அது மறுக்கும். 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 22.04-இல் இருப்பது 2.35. நிரலின் தொடக்கத்தில் அழைக்கப்படும் செயற்கூறுக்கு 2021-இல் வெளியான 2.34-இல் புதிய பதிப்பு அடையாளம் தரப்பட்டதால், அதற்குப் பின் கம்பைல் ஆகும் மிக எளிய நிரலுக்கும் இந்த மறுப்பு வரும். பழைய தளத்தில் கம்பைல் செய்தது புதிய தளத்தில் இயங்கும். புதியதில் கம்பைல் செய்தது பழையதில் இயங்காது. எண் கணக்கீட்டுக்கான பைத்தான் லைப்ரரியான நம்பை 2.0 வெளியான 2024 ஜூனில் பைத்தான் பயன்படுத்துவோர் பட்ட பாடு, இதற்கு நேர்மாறான திசையில் அமைந்த பொருந்தாமை. நம்பை 1.x-ஐ வைத்துக் கம்பைல் செய்யப்பட்ட பேக்கேஜ்கள் 2.0-இல் இயங்கவில்லை. 2.0-ஐ வைத்துப் புதிதாகக் கம்பைல் செய்யப்பட்டவை வரும்வரை, நம்பையை 2-க்குக் கீழே நிறுத்தி வைப்பதே வழியாக இருந்தது.

பொருந்தாமை எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. ஒரே கணினியில் ஒரே லைப்ரரியின் இரண்டு மூன்று பிரதிகள் இருப்பது மிகச் சாதாரணம். உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து நிறுவியது ஒன்று, முன்பு யாரோ மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து யுஎஸ்ஆர்-லோக்கல் கோப்புறையில் வைத்தது ஒன்று, அனகோண்டா என்னும் பைத்தான் தொகுப்போடு வந்தது இன்னொன்று. அனகோண்டா செயல்பாட்டில் இருக்கும்போது சிமேக்கை ஓட்டினால், செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்பை ஒரு பிரதியிலிருந்தும் லைப்ரரியை மற்றொரு பிரதியிலிருந்தும் அது எடுத்துக்கொள்ள நேரலாம். ஹெடரில் இருப்பதாகச் சொல்லப்பட்ட செயற்கூறு லைப்ரரியில் இராது. இந்தக் கலப்பைக் கண்டுபிடிக்க, கம்பைல் கட்டளையை முழுமையாகக் காட்டச் சொல்லி, அதில் உள்ள கோப்புறைகளின் பெயர்களைப் படித்தாலே போதும். நம் மாணவர்கள் அந்த நீண்ட வரியைக் கண்டதும் கண்ணை எடுத்துவிடுகிறார்கள்.

இணையத்தில் பரிந்துரைக்கப்படும் சில தீர்வுகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியது என் கடமை. ஒரு டிஎல்எல் காணவில்லை என்றால், அந்தக் கோப்பை மட்டும் தனியாக வழங்கும் தளங்களிலிருந்து இறக்கி விண்டோஸ் கோப்புறைக்குள் போடுவது ஆபத்தானது. அது எந்தக் கம்பைலரால் ஆனது என்பதும் தெரியாது, அதில் வைரஸ் இருக்கிறதா என்பதும் தெரியாது. லினக்ஸில் ஒரு லைப்ரரியின் 4-ஆம் பதிப்பு கேட்கப்படும்போது, 3-ஆம் பதிப்புக்கு 4 என்று பெயரிட்ட ஒரு சிம்லிங்க் (கோப்புக்கான சுட்டி) வைத்துச் சமாளிப்பதும் அத்தகையதே. பெயரில் உள்ள அந்த எண், இரண்டும் ஒத்துப்போகாது என்பதை அறிவிப்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பு முதல், இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவ மறுக்கிறது. அந்த மறுப்பை உடைக்கும் கட்டளையைத் தேடி எடுத்துப் பயன்படுத்துவதைவிட, ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்டை உருவாக்குவது எளிது. இயங்குதளத்தையே அழித்து மறுபடி நிறுவுவதையும் பலர் மருந்தாகக் கருதுகிறார்கள். அதனால் சில வேளை சரியாகிவிடுவது உண்மைதான். ஆனால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமல் போவதால், அடுத்த முறையும் அதே இடத்தில் நிற்க நேரிடுகிறது.

மாணவர்களிடம் நான் வலியுறுத்தும் வழிமுறை எளிமையானது. கடைசிப் பிழையை விட்டுவிட்டு முதல் பிழையைப் படிக்க வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். பிறகு, அது எந்தக் கட்டத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். கம்பைலர் சொன்னதா, லிங்க்கர் சொன்னதா, நிரல் தொடங்கும்போது லோடர் சொன்னதா என்பது தெரிந்தால் தேட வேண்டிய இடம் பெருமளவு குறுகிவிடும். ஒரு பெயரே அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் சொன்னால், அது ஹெடரின் பதிப்பு மாறியதால் இருக்கலாம். ஓப்பன்சிவி 3-க்காக எழுதப்பட்ட பழைய நிரல்களில் வரும் சிவி_பிஜிஆர்2கிரே என்ற பெயர், 4-இல் வழக்கமான ஹெடர்களின் வழியே கிடைக்காமல் போனது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெயர் அறிவிக்கப்பட்டிருந்தும் லிங்க்கருக்குக் கிடைக்கவில்லை என்றால் சந்தேகத்தை லைப்ரரியின் மேல் திருப்ப வேண்டும். அது 64 பிட்டா, எந்தக் கம்பைலரால் ஆனது என்பதை, ஃபைல், ரீட்எல்ஃப் ஆகிய கருவிகள் சொல்லும். கம்பைலரின் பெயர் பதிந்த பகுதி நீக்கப்பட்டிருந்தால் அந்த இரண்டாவது விடை மட்டும் கிடைக்காது. எதை மாற்றினாலும், அதற்குப் பின் பில்டு கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். சிமேக் தான் முன்பு கண்டுபிடித்த பாதைகளை அதன் கேஷ் கோப்பில் நினைவில் வைத்துக்கொண்டு, திருத்திய பிறகும் பழையதையே எடுத்துக்கொள்ளும். லைப்ரரியிலிருந்து ஒரே ஒரு செயற்கூறை அழைக்கும் பத்து வரி நிரலை எழுதி, அது இணைகிறதா என்று சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் பயனுள்ளது. அந்தப் பத்து வரியே இணையாவிட்டால், தம் புராஜெக்ட் நிரலில் குற்றமில்லை என்பது மாணவருக்கு உறுதியாகிவிடும்.

மாணவர்கள் மேல் மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது. கல்லூரித் துறைகள் ஒவ்வொரு செமஸ்டரின் தொடக்கத்திலும் ஆய்வகத்துக்கென ஒரு சேர்க்கையை முடிவு செய்து, கம்பைலர், பைத்தான், முக்கிய லைப்ரரிகள் ஆகியவற்றின் பதிப்புகளைத் தாளில் அச்சிட்டு ஆய்வகச் சுவரில் ஒட்டி, எல்லாக் கணினிகளிலும் அதையே நிறுவ வேண்டும். மாணவர் தம் மடிக்கணினியிலும் அதே பதிப்புகளை வைத்துக்கொள்ள அந்தத் தாள் உதவும். புராஜெக்ட் முடியும்வரை அப்பதிப்புகளை மாற்றாமலிருப்பதும் முக்கியம்.

கம்பைல் செய்த லைப்ரரியைச் சுருக்கி இணையத்திலோ நண்பர்களிடையிலோ பகிர்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோப்புறைக்குள் ஒரு சிறு உரைக் கோப்பை வையுங்கள். மூல நிரலின் பதிப்பு, கம்பைலரின் பெயரும் பதிப்பும், டீபக் அல்லது ரிலீஸ், ஸ்ட்ரிங்கின் பழைய வடிவமா புதியதா, நீங்கள் பயன்படுத்திய சிமேக் கட்டளை ஆகியவை அதில் இருந்தால் போதும். டெபியன் திட்டத்தினர் இதைப் பேக்கேஜின் பெயரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 2015-இல் ஜிசிசி 5-க்கு மாறியபோது, பாதிக்கப்பட்ட சி++ லைப்ரரிகளின் பெயரோடு 'வி5' என்று சேர்த்தார்கள். 2038-க்குப் பின் வரும் தேதிகளை 32 பிட் கணினிகளும் கையாள வேண்டும் என்பதற்காக 2024-இல் நேர வகையை 64 பிட்டாக மாற்றியபோது, 'டி64' என்று சேர்த்தார்கள். பழையதும் புதியதும் யாரும் அறியாமல் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு பெரிய பெயர் மாற்றத்தைத் தன்னார்வலர்கள் செய்திருக்கிறார்கள்.

பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒன்று. நான் பார்த்த வரையில், சி++ தாளில் கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் முதலியவை விரிவாக நடத்தப்படுகின்றன. லிங்க்கர் என்ன செய்கிறது என்பது ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. ஆய்வகப் பயிற்சிகளில் ஒன்றாவது இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். சிறு லைப்ரரி ஒன்றைப் பழைய ஸ்ட்ரிங் வடிவத்திலும், அதை அழைக்கும் நிரலைப் புதிய வடிவத்திலும் மாணவரே கம்பைல் செய்து, வரும் பிழையைப் படித்து, என்எம் கொண்டு காரணத்தைக் கண்டறிந்து, சரிசெய்ய வேண்டும். இதற்குத் தேவை ஜிசிசியும் இரண்டு மணி நேரமும் மட்டுமே. வரும் கல்வியாண்டில் எங்கள் ஆய்வகத்தில் இப்பயிற்சியைச் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். மற்றக் கல்லூரிகளின் ஆய்வகப் பொறுப்பாளர்களும் இதை முயன்று பார்த்து, மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைத் தங்கள் நாளிதழின் வாயிலாகவே எழுதினால், பயிற்சியை மேலும் செம்மைப்படுத்த இயலும். இக்கடிதத்தைத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.